சூழலியல் படிக்க ஆசையா? பட்டத்தின் பெயரில் இருக்கும் சிக்கலை முதலில் தெரிஞ்சுக்கோங்க!

இன்ஜினியரிங், மெடிக்கல், பி.காம் என்று நீளும் பட்டியலுக்கு நடுவே, "காட்டுல ஆராய்ச்சி பண்ணணும், பறவைகளைப் பத்திப் படிக்கணும், அதுக்கு எந்த டிகிரி எடுக்கணும்?" என்று கேட்கும் ப்ளஸ் டூ மாணவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் அடுத்த நொடியே வரும் பதில் கேள்வி: "அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் இரண்டுக்கும் நடுவில் பலரும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. கையில் வாங்கப்போகும் பட்டச் சான்றிதழில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கும்? இந்தப் பெயர் மாறினால், மூன்று வருஷப் படிப்புக்குப் பிறகு சில முக்கியமான தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கவே முடியாமல் போகலாம். அது எப்படி, அரசு கல்லூரிகளில் இதற்கு என்ன வழி இருக்கிறது என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

ஏன் இந்தத் துறை மீது இவ்வளவு ஆர்வம்?

கடந்த சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் காடு, சதுப்புநிலம், கடல் பற்றிய செய்திகளுக்குப் பஞ்சமே இல்லை. 2025 நிலவரப்படி மாநிலத்தில் 20 ராம்சார் ஈரநிலங்கள் இருக்கின்றன, நாட்டிலேயே இதுதான் அதிகம். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடற்பசுப் பாதுகாப்பகம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் தேவாங்கு சரணாலயம் வந்தது. மாநில விலங்கான வரையாட்டைக் காக்க ரூ.25.14 கோடியில் தனித் திட்டம் அறிவிக்கப்பட்டது.

மறுபக்கம், மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இந்த ஊரை உள்ளடக்கிய பகுதி, 2024-ல் டங்ஸ்டன் சுரங்க ஏலப் பட்டியலில் வந்தது. ஊர் மக்கள் வீதிக்கு வந்தார்கள். சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தப் போராட்டத்தில் மக்களின் குரலோடு சேர்ந்து நின்ற இன்னொரு விஷயம், அந்த மலைகளில் எத்தனை வகைப் பறவைகள் இருக்கின்றன, எங்கெல்லாம் சுனைகள் இருக்கின்றன என்று முன்பே திரட்டி வைத்திருந்த தகவல்கள்.

அந்தத் தகவல்களை யார் திரட்டுவது? அந்த வேலைக்கான அறிவியல்தான் சூழலியல்.

சூழலியல் வேறு, சுற்றுச்சூழல் அறிவியல் வேறா?

ஆமாம், வேறுதான். இரண்டும் அக்கம்பக்கம் இருப்பதால் குழப்பம் வருகிறது. உயிர்கள் ஒன்றோடொன்றும், தாங்கள் வாழும் இடத்தோடும் எப்படி உறவாடுகின்றன என்று படிப்பது சூழலியல். ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866-ல் இந்தத் துறைக்குப் பெயர் வைத்தார். இது உயிரியலின் ஒரு கிளை. சுற்றுச்சூழல் அறிவியல் என்பது காற்று, நீர், மண், கழிவு, மாசு, சட்டம் என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் கலவையான பாடம்.

ஓர் உதாரணம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது நினைவிருக்கும். தண்ணீரில் எவ்வளவு எண்ணெய் கலந்திருக்கிறது, எப்படி அகற்றுவது என்பது சுற்றுச்சூழல் அறிவியலின் கேள்வி. இறகில் எண்ணெய் படிந்த கூழைக்கடாக்கள் பிழைக்குமா, அலையாத்திச் செடிகளின் வேரில் வாழும் நண்டும் இறாலும் திரும்ப வர எத்தனை காலம் ஆகும், அதனால் மீனவர் வலையில் என்ன குறையும் என்பது சூழலியலின் கேள்வி.

கல்லூரியில் எந்தப் பட்டம் படித்தாலும் 'சுற்றுச்சூழல் கல்வி' என்று ஒரு தாள் வருமே, அதுவும் சூழலியல் இல்லை. 1991-ல் எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவின் தொடர்ச்சியாக எல்லோருக்கும் கட்டாயமாக்கப்பட்ட விழிப்புணர்வுப் பாடம் அது. 'அந்தத் தாள் போரடிச்சது, அதனால் இந்தத் துறையே வேண்டாம்' என்று யாராவது முடிவெடுத்தால், தவறான சான்றை வைத்து எடுத்த முடிவு அது.

விலங்குகள் மேல பாசம் இருந்தா போதுமா?

போதாது. பலர் ஏமாறும் இடம் இது. சூழலியலில் பாதி வேலை நடை, மீதி வேலை கணக்கு.

வரையாடு கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்வோம். 2024-ல் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. 2025-ல் அது 1,303 ஆனது. செய்தியைப் பார்த்ததும் 'ஒரே வருஷத்தில் 272 கூடிடுச்சு' என்றுதான் தோன்றும். ஆனால் சூழலியல் படித்தவர் உடனே அப்படிச் சொல்ல மாட்டார். இரண்டாவது முறை கணக்கெடுத்த இடங்களும் அதிகரித்திருந்தன. அப்படியானால் ஆடுகள் பெருகினவா, இல்லை முன்பு பார்க்காமல் விட்ட ஆடுகள் இப்போது கணக்கில் வந்தனவா? இதைப் பிரித்துச் சொல்வதுதான் அவர் வேலை.

பார்க்காமல் விட்டதை எப்படிக் கணக்கிடுவது? இந்தக் கணக்கெடுப்பில் பயன்பட்ட முறைகளில் ஒன்று இரட்டைப் பார்வையாளர் முறை. ஒரே மலைச்சரிவை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணுவார்கள். புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு: முதலாமவர் 20 ஆடுகளைப் பார்த்தார், இரண்டாமவர் 15 பார்த்தார், இருவர் கண்ணிலும் பட்டவை 12 என்று வைத்துக்கொள்வோம். 20-ஐ 15-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 25. இருவரும் சேர்ந்து நேரில் பார்த்தது 23 தான். ஆக, 2 ஆடுகள் யார் கண்ணிலும் படாமல் பாறைக்குப் பின்னால் நின்றிருக்கலாம் என்று கணக்கு சொல்கிறது.

'கணக்கு வராது, அதனால் பயாலஜி' என்று நினைப்பவர்களுக்கு இது முதல் எச்சரிக்கை. கணினி - கணிதப் பிரிவு எடுத்தவர்களுக்கு இது நல்ல செய்தி. சூழலியலின் பெரிய பெயர்களில் ஒருவரான ராபர்ட் மே, இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். மேற்குத்தொடர்ச்சி மலை குறித்த 2011 அறிக்கையால் இங்கே பரவலாக அறியப்பட்ட மாதவ் காட்கில், ஹார்வர்டில் ஆய்வு செய்தது கணிதச் சூழலியலில்.

சரி, பட்டத்தின் பெயரில் என்ன சிக்கல்?

இந்திய வனப்பணி தேர்வில் இருந்து தொடங்கலாம். இதையும் ஐ.எஃப்.எஸ் என்பார்கள், வெளியுறவுப் பணி அல்ல. யு.பி.எஸ்.சி நடத்தும் இந்தத் தேர்வுக்கு ஏதோ ஒரு டிகிரி இருந்தால் போதாது. கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், புவியமைப்பியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றில் குறைந்தது ஒரு பாடத்தோடு இளங்கலைப் பட்டம் இருக்க வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் இருக்க வேண்டும்.

பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். சூழலியல் இல்லை. சுற்றுச்சூழல் அறிவியலும் இல்லை. அதாவது மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவர் வன அதிகாரி ஆவதற்கான தேர்வை எழுதலாம். சூழலியலையே மூன்று வருஷம் படித்தவர், தன் படிப்பில் தாவரவியலோ விலங்கியலோ ஒரு பாடமாக இருந்தது என்று மதிப்பெண் பட்டியலைக் காட்டி நிரூபிக்க வேண்டியிருக்கும். அப்படி இல்லையென்றால் கதவு திறக்காது.

முதன்மைத் தேர்வின் விருப்பப் பாடங்களிலும் இதே கதை. தாவரவியல், விலங்கியல், வனவியல் எல்லாம் இருக்கின்றன. சூழலியல் தனிப் பாடமாக இல்லை, தாவரவியல், விலங்கியல் தாள்களுக்குள் ஒரு பகுதியாக வருகிறது.

அடுத்தது ஆசிரியர் வேலை. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியர் பணியிடம் தாவரவியலுக்கு உண்டு, விலங்கியலுக்கு உண்டு. சுற்றுச்சூழல் அறிவியலுக்கு என்று கிடையாது. ஆராய்ச்சியில் காலம் தள்ள முடியாமல் ஊருக்குத் திரும்பி ஒரு நிரந்தர வேலையில் உட்கார வேண்டிய சூழ்நிலை யாருக்கும் வரலாம். அப்போது கைகொடுப்பது பட்டத்தில் இருக்கும் அந்தப் பழைய பெயர்தான்.

மூன்றாவது, 'இணைத்தன்மை' விவகாரம். தமிழ்நாட்டில் ஒரு பட்டம் வழக்கமான பெயரில் இல்லாமல் புதுப் பெயரில் இருந்தால், அது அரசு வேலைக்கு எந்தப் பட்டத்துக்கு இணையானது, எதற்கு இணையில்லை என்று அரசாணை வெளியிடப்படும். இணையில்லை என்று வந்துவிட்டால், படித்தது 80 சதவீதம் ஒரே பாடமாக இருந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். சேரும்போது கவர்ச்சியாகத் தெரிந்த பெயர், சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் தலைவலியாக மாறுவது இப்படித்தான்.

அப்போ சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கவே கூடாதா?

அப்படி இல்லை. மாசுக் கட்டுப்பாடு, நீர் மேலாண்மை, நிறுவனங்களின் சுற்றுச்சூழல் பிரிவு என்று போக நினைப்பவர்களுக்கு அது பொருத்தமான படிப்பு. யுஜிசி நெட் தேர்வில் 'சுற்றுச்சூழல் அறிவியல்' தனிப் பாடமாகவே இருக்கிறது. ஆனால் காடு, விலங்கு, பறவை, வனத்துறை என்பதுதான் கனவு என்றால், இளங்கலையில் அடித்தளப் பாடத்தை எடுத்து, முதுகலையில் சூழலியலுக்கு மாறுவது பாதுகாப்பான பாதை. இந்த வழியில் போனால் எந்தக் கதவும் மூடாது.

அரசு கல்லூரிகளில் என்னென்ன வாய்ப்புகள்?

முதல் வழி, பக்கத்து ஊர் அரசு கலை அறிவியல் கல்லூரி. பி.எஸ்சி தாவரவியல் அல்லது விலங்கியல். ஆன்லைன் விண்ணப்பம், ப்ளஸ் டூ மதிப்பெண், கலந்தாய்வு, அவ்வளவுதான். அரசு கல்லூரிகளில் இளங்கலைக்குக் கல்விக் கட்டணம் தள்ளுபடி. தேர்வுக் கட்டணம் உள்ளிட்ட சின்னச் சின்னக் கட்டணங்கள்தான் வரும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ரூ.1,000 கிடைக்கிறது. ஒரு பைனாகுலருக்கும் பஸ் செலவுக்கும் இந்தப் பணம் உதவும்.

இரண்டாவது, உதகை அரசு கலைக் கல்லூரி. இங்கே வன உயிரியலுக்குத் துறை இருக்கிறது. கல்லூரியைச் சுற்றி இருப்பதே நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் என்பது கூடுதல் பலம். மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் உள்ள அரசு உதவிபெறும் ஏ.வி.சி கல்லூரியும் வன உயிரியல் முதுகலைக்குப் பெயர் பெற்றது.

மூன்றாவது, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. நான்கு வருட பி.எஸ்சி வனவியல். நீட் தேவையில்லை, ப்ளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. வனப்பணிதான் இலக்கு என்பவர்களுக்கு நேரடியான பாதை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வனவியலில் மரம் வளர்ப்பு, மரப் பயன்பாடு, வேளாண் காடுகள் ஆகியவற்றுக்குப் பெரிய இடம் உண்டு. புலியும் யானையும் மட்டுமே பாடமாக இருக்கும் என்று நினைத்துப் போகக் கூடாது.

நான்காவது, ஐசர் நிறுவனங்கள். மத்திய அரசின் ஐசர்களில் ஐந்தாண்டு பி.எஸ் - எம்.எஸ் படிப்பு இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் திருப்பதி, திருவனந்தபுரம். தொடக்கத்தில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் எல்லாமே படித்துவிட்டு, பிறகு உயிரியலில் சூழலியல் பக்கம் போகலாம். ஐஏடி என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். போட்டி கடுமை, ஆனால் ஆராய்ச்சிதான் வாழ்க்கை என்று முடிவெடுத்தவர்கள் தவறவிடக் கூடாத இடம்.

இவை தவிர, 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளங்கலைச் சேர்க்கை கியூட் தேர்வு வழியாக நடக்கிறது. வெளிமாநிலம் போகத் தயார் என்றால் அதுவும் ஒரு வழி.

அந்த மூன்று வருஷத்தில் என்ன செய்யணும்?

அரசு கல்லூரியில் விலங்கியல் படித்தால் மட்டும் யாரும் சூழலியலாளர் ஆகிவிட முடியாது. பாடத்திட்டத்தில் சூழலியலுக்குக் கிடைப்பது சில தாள்கள்தான். மீதியை வெளியே தேடிக்கொள்ள வேண்டும். இதற்குப் பெரிய காசு தேவையில்லை.

ஒன்று, கணக்கெடுப்புகளில் கலந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு ஆண்டும் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மொட்டை மாடியில் 15 நிமிஷம் நின்று பார்த்ததைக்கூட இ-பேர்ட் செயலியில் பதிவு செய்யலாம். வனத்துறையின் ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்பிலும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இரண்டு, ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க் கண்மாய், ஏரிக்கரை, கோயில் காடு எதுவாக இருந்தாலும் சரி. வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் போய், என்ன பார்த்தீர்கள் என்று தேதி போட்டு மூன்று வருஷம் எழுதினால், அது ஒரு ஆய்வுத் தரவு. முதுகலை நேர்காணலில் இந்த நோட்டுக்குத் தனி மரியாதை இருக்கும்.

மூன்று, புள்ளியியலும் கணினியும். 'ஆர்' என்ற மென்பொருள் இலவசம். சூழலியல் ஆய்வுகளில் பரவலாகப் பயன்படுவது அதுதான். ஸ்வயம் தளத்திலும் இலவசப் பாடங்கள் கிடைக்கின்றன.

நான்கு, ஆங்கில வாசிப்பு. தமிழ் வழியில் படித்தவர்களைத் தடுமாற வைப்பது அறிவியல் அல்ல, மொழிதான். ஆய்வுக் கட்டுரைகள் கிட்டத்தட்ட எல்லாமே ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. வாரம் ஒரு கட்டுரை என்று முதல் வருஷமே தொடங்கிவிட்டால் மூன்றாம் வருஷம் பயம் போய்விடும்.

முதுகலைக்கு எங்கே போகலாம்?

புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் மற்றும் சுற்றுச்சூழல் அறிவியல் துறை இருக்கிறது. கடல் பக்கம் ஆர்வம் என்றால், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் உயராய்வு மையம். பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையம் வன உயிரியல் மற்றும் பாதுகாப்பில் முதுகலை நடத்துகிறது. இதில் இன்ஜினியர்களும் மருத்துவர்களும்கூட விண்ணப்பிக்க முடியும். 1982-ல் தொடங்கப்பட்ட டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனமும் முதுகலை நடத்துகிறது. கோவை ஆனைகட்டியில் இருக்கும் சலீம் அலி பறவையியல் மையம் இப்போது அந்த நிறுவனத்தின் தென்னிந்தியப் பிரிவாக இயங்குகிறது.

இளங்கலையில் என்ன பெயரில் பட்டம் வாங்கினோம் என்பது இங்கெல்லாம் பெரிய தடையாக இருப்பதில்லை. நுழைவுத் தேர்வு, கள அனுபவம், நேர்காணல் ஆகியவைதான் முக்கியம். ஆக, இளங்கலையில் 'சூழலியல்' என்ற பெயர் இருந்தால் கிடைக்கும் லாபம் குறைவு, இல்லாமல் போவதால் வரும் நஷ்டமும் குறைவு. ஆனால் 'தாவரவியல்', 'விலங்கியல்' என்ற பெயர் இல்லாவிட்டால் நஷ்டம் பெரிது. மொத்தக் கணக்கும் இதுதான்.

வேலை, சம்பளம்: உண்மை நிலவரம் என்ன?

முதலில் கசப்பான பகுதி. இளங்கலையோடு நிறுத்திக்கொண்டால் சூழலியலாளர் என்ற வேலை கிடைப்பது மிகவும் கடினம். இது குறைந்தது ஐந்து வருஷப் பயணம்.

இந்திய வனப்பணியில் 2022 முதல் 2025 வரை ஆண்டுதோறும் அறிவிக்கப்பட்டவை நாடு முழுவதற்கும் சேர்த்து சுமார் 150 இடங்கள். முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ் தேர்வோடு பொதுவானது. எழுத்துத் தேர்வு போக, நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டரும் பெண்கள் 14 கிலோமீட்டரும் நடந்து காட்ட வேண்டும். மாநிலத்தில் உதவி வனப் பாதுகாவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி குரூப் 1ஏ தேர்வு. இதற்கான பாடப் பட்டியல் தனி. யு.பி.எஸ்.சி பட்டியலை வைத்து இதை முடிவு செய்யாமல், பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்து நேரடியாகப் படித்துவிடுங்கள். வனக் காப்பாளர், வனக் காவலர் பணியிடங்கள் 2024-ல் குரூப் 4 அறிவிப்பிலேயே இடம்பெற்றன.

ஆராய்ச்சிப் பக்கம் போனால், சி.எஸ்.ஐ.ஆர் நெட் உயிர் அறிவியல் தேர்வு. சூழலியலும் பரிணாமமும் அதன் பாடத்திட்டத்தில் தனி அலகுகளாகவே இருக்கின்றன. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் ரூ.37,000. அதன் பிறகு ரூ.42,000. 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை நடைமுறையில் இருக்கிறது.

தொண்டு நிறுவனங்கள், ஆய்வு நிறுவனங்களில் திட்டப் பணிகள் கிடைக்கும். வால்பாறையில் யானைகள் நடமாட்டத்தைக் கண்காணித்து, எஸ்.எம்.எஸ், எச்சரிக்கை விளக்கு மூலம் மக்களை உஷார்படுத்தும் முறை அப்படி உருவானதுதான். மனித உயிர் காக்கும் வேலை. ஆனால் இவை பெரும்பாலும் ஒப்பந்தப் பணிகள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும்.

இன்னொரு பக்கம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. 2006 அறிவிக்கையின்படி பெரிய திட்டங்களுக்கு இந்த அறிக்கை கட்டாயம். அதைத் தயாரிக்கும் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் 'சூழலியல் மற்றும் பல்லுயிர்' நிபுணர் ஒருவர் இருக்க வேண்டும். சம்பளம் பரவாயில்லை ரகம். ஆனால் ஒரு தர்மசங்கடம் உண்டு. அறிக்கைக்குப் பணம் கொடுப்பவர், அனுமதி கேட்கும் அதே திட்ட உரிமையாளர்தான். 'இங்கே அரிய உயிரினம் எதுவும் இல்லை' என்று ஒரே வரியில் முடிக்கச் சொல்லும் அழுத்தம் வரும்போது என்ன செய்வது என்ற கேள்வியோடுதான் அந்த நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கும்.

யாரும் பேசாத இன்னொரு செலவு

இந்தத் துறையில் நுழைய 'அனுபவம்' கேட்பார்கள். அந்த அனுபவம் பல நேரம் சம்பளமில்லாத, அல்லது சாப்பாட்டுக்கு மட்டும் கொடுக்கிற இன்டர்ன்ஷிப் வழியாகத்தான் வருகிறது. வீட்டில் பணம் இருப்பவர் ஆறு மாதம் காட்டில் தங்கிக் கற்றுக்கொள்ளலாம். லீவு நாளில் வேலைக்குப் போய்க் குடும்பத்துக்குக் கொடுக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரியால் அது முடியுமா?

காட்டை ஒட்டிய ஊர்களில் பிறந்து, எந்த மரத்தில் எந்தப் பறவை கூடு கட்டும் என்று சின்ன வயதிலேயே தெரிந்த பிள்ளைகள் இந்தத் துறைக்குள் வர முடியாமல் நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 'பாஷன் இருந்தா போதும்' என்று சொல்பவர்களிடம், போக்குவரத்துக்கும் தங்குவதற்கும் யார் கொடுப்பார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். உதவித்தொகையோடு எடுக்கும் இடங்களும் இருக்கின்றன, அவற்றை முதலில் தேடுங்கள்.

அரசு செய்ய வேண்டியது என்ன?

ஒரு பக்கம் சரணாலயம், ராம்சார், பல்லுயிர்த் தலம் என்று அறிவிப்புகள் வருகின்றன. மறுபக்கம், அந்த இடங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கும் சூழலியலாளர் என்ற நிரந்தரப் பணியிடம் அரிதாகவே இருக்கிறது. முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் போன்றவை நல்ல தொடக்கம். ஆனால் அவையும் குறிப்பிட்ட காலத்துக்கானவை.

வரையாட்டை ஒரு முறை எண்ணினால் கிடைப்பது ஒரு எண் மட்டுமே. பத்து வருஷம் ஒரே முறையில் எண்ணினால்தான் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று சொல்ல முடியும். பத்து வருஷ வேலையை இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் செய்ய முடியாது. தேர்வாணையங்களின் பாடப் பட்டியலில் சூழலியல், சுற்றுச்சூழல் அறிவியல், வன உயிரியல் என்ற பெயர்கள் எங்கெல்லாம் விடுபட்டிருக்கின்றனவோ, அங்கெல்லாம் சேர்ப்பது இன்னும் எளிதான வேலை. அதற்குப் புதிதாகக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை, ஒரு திருத்தம் போதும். அதுவரை அந்தச் சுமையை 17 வயதுப் பிள்ளைகள்தான் சுமக்க வேண்டியிருக்கிறது.

சேருவதற்கு முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. பட்டச் சான்றிதழில் எந்தப் பெயர் அச்சாகும்? கல்லூரி விளம்பரத்தில் இருக்கும் பெயரை நம்பாமல், பல்கலைக்கழகம் கொடுக்கும் பெயரைக் கேளுங்கள்.

2. அந்தப் பெயர் வழக்கமான பெயர் இல்லை என்றால், இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா? இருந்தால் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

3. மதிப்பெண் பட்டியலில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், புள்ளியியல் போன்ற பாடங்கள் அதே பெயரில் வருமா?

4. வருடத்துக்கு எத்தனை நாள் களப்பயணம்? செலவு யாருடையது?

5. கடந்த சில ஆண்டுகளில் இந்தத் துறையில் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? சீனியர்கள் இரண்டு பேரிடமாவது பேசுங்கள்.

இந்த ஐந்துக்கும் தெளிவான பதில் கிடைத்தால் தைரியமாகச் சேரலாம். கிடைக்கவில்லை என்றால், பக்கத்து ஊர் அரசு கல்லூரியில் விலங்கியலோ தாவரவியலோ எடுங்கள், ஊர்க் கண்மாய்க்கு ஒரு நோட்டோடு போகத் தொடங்குங்கள். சூழலியல் படிப்பு அங்கேயே ஆரம்பித்துவிடும்.